மஸீனா தாத்தா எடுத்த பெண்கள் பக்கம்

மாத்தளை முஸ்லிம் கல்யாணங்களுக்கு இரண்டு வீடியோ உண்டு. முதலாவதை யாரும் பார்க்கலாம். மண்டபத்து வாசல், மாப்பிள்ளை வந்திறங்கும் கார், நிக்காஹ் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் கை, பூக்கட்டிய வெற்றுக் கதிரைகள், தட்டுத் தட்டாக வட்டலப்பம். இரண்டாவது பெண்கள் பக்கம். அதைப் பெண்கள் மட்டும்தான் பார்ப்பார்கள். எங்கள் ஊரில் அந்த இரண்டாவதை எடுத்தவர் மஸீனா தாத்தா.

தாத்தா என்றதும் கைத்தடியோடு ஒரு கிழவரை நினைத்துவிட வேண்டாம். அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். மஸீனா தாத்தா எனக்கு உறவு இல்லை. வரக்காமுறையில் எங்கள் வீட்டிலிருந்து கொஞ்சம் மேலே, முற்றத்தில் கராம்பு காயப்போடும் வீடு அவருடையது. ஊரே தாத்தா என்று கூப்பிட்டதால் நானும் கூப்பிட்டேன்.

அவருடைய கணவர் கட்டாரிலிருந்து லீவில் வந்தபோது பிள்ளைகளைப் படம் பிடிக்க ஒரு கெமரா கொண்டுவந்தார். பிள்ளைகள் அதைக் கண்டாலே அழுதார்கள். அது அலுமாரிக்குள் போயிற்று. பிறகு பல்லேபொலவில் ஒரு கல்யாணம். வீடியோக்காரப் பையன்கள் பெண்கள் பக்கத்து வாசலில் வந்து நிற்க, மணப்பெண்ணின் உம்மா அவர்களை விரட்டிவிட்டார். "அப்ப எனக்கு வீடியோவே இல்லையா?" என்று மணப்பெண் அழத் தொடங்கினாள். பூசிய மை கன்னத்தில் இறங்கியது. மஸீனா தாத்தா ஓட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்க் கெமராவோடு திரும்பி வந்தார்.

எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் அன்று அவர் எடுத்ததில் பாதி தரைதான். விரிப்பு, செருப்பு, கொலுசு, ஓடும் பிள்ளைகளின் கால். ஆனால் பார்த்தவர்களுக்கு அதுவே பிடித்துப்போனது. "இந்தா, இது றம்லாட கால்! நடையப் பாருங்களேன்!" என்று சிரித்துச் சிரித்துத் திருப்பித் திருப்பிப் போட்டார்களாம். அதற்குப் பிறகு அவரை யாரும் வீட்டில் இருக்க விடவில்லை. உக்குவளை, நாலந்தா, மகாவெல என்று எங்கெல்லாம் கல்யாணமோ அங்கெல்லாம் அவர் வேண்டும்.

வெட்டி ஒட்டுகிற வேலையை டவுனில் ஒரு சிங்கள மிஸ்ஸிடம் போய்ப் படித்தார். அதனால் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் அவரிடம் சிங்களச் சொல்தான் உண்டு. இங்கிலீஷில் எது வந்தாலும் கையை எடுத்துவிடுவார். படம் பிடிக்கிற விதம் மட்டும் யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. கறுப்பு அபாயாவோடு பெண்களுக்கு நடுவில் போய் உட்காருவார். ஆறு பேர் சுற்றியிருக்கும் சஹன் தட்டில் ஏழாவது ஆளாக ஒரு வாய் எடுப்பார். கெமரா மடியில் கிடக்கும். "ரெடி" என்று சொல்லவே மாட்டார். ஒன்றுமட்டும் சொல்வார்.

"சிரிங்க புள்ளைகள். இத எந்த ஆம்புளயும் பாக்க மாட்டான்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் முக்காடுகள் இறங்கின. பாடுவார்கள் என்று யாரும் நினைக்காதவர்கள் பாடினார்கள். அந்தப் படமெல்லாம் தனக்கு அமானிதம் என்பார். ஒருவர் நம்பி ஒப்படைத்ததைக் கெடாமல் வைத்திருந்து அவரிடமே கொடுக்க வேண்டும், நடுவில் கை மாறக்கூடாது. வருடக் கணக்கில் எடுத்த பெண்கள் பக்கம் முழுவதையும் கறுப்புச் செங்கல் மாதிரி ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார். எதற்கும் இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள் என்று நான் ஒருமுறை சொன்னேன்.

"இன்னொண்டு எடுத்தா இன்னொரு பூட்டு வேணும் மகள். அந்தச் சாவிய யாருக்கிட்ட குடுக்க?" என்றார்.

என் கல்யாணத்தையும் அவர்தான் எடுத்தார். முடிந்த கையோடு நான் இங்கிலாந்துக்கு, லெஸ்டருக்கு வந்துவிட்டேன். கொண்டுவந்த சீடியைக் கொஞ்சக் காலம் போட்டுப் போட்டுப் பார்த்தேன். பிறகு அது எந்த மெஷினிலும் திறக்க மறுத்தது. பிறகு சீடி போடுகிற மெஷினே வீட்டில் இல்லாமல் போயிற்று. அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உம்மாதான் இருந்தாரே. தினமும் போனில் பேசினோமே.

போன வருடம் உம்மா மௌத்தாகி எங்களை விட்டுப் போய்விட்டார். அதன் பிறகுதான் தேடிப் பார்த்தோம், அவருடைய படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. அடையாள அட்டைப் படம் இருந்தது. அதில் இருப்பவர் யாரோ. உம்மாவுக்குப் படம் பிடிக்காது. போனைத் தூக்கினால் போதும், முந்தானையை முகத்தில் இழுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விடுவார். அவர் அசைந்தபடி, பேசியபடி, சிரித்தபடி இருந்தது ஒரே இடத்தில்தான். என் கல்யாணத்துக்கு முதல்நாள் மருதோண்டி போட்ட அன்று, பெண்கள் பக்கத்தில், மஸீனா தாத்தாவின் டிஸ்க்கில்.

லெஸ்டரிலிருந்து அவருக்குப் போன் எடுத்தேன். இன்றைக்கே பார்க்கிறேன் என்றார். அடுத்த நாள் வேலைக்கு நடுவில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கம்ப்யூட்டர் திரையைப் போனால் எடுத்திருந்தார். நடுவில் ஒரு பெட்டி. அதில் இருந்த இங்கிலீஷை வாசித்தேன். இந்த டிஸ்க்கைப் பாவிக்க வேண்டுமானால் முதலில் முழுவதையும் அழிக்க வேண்டும், அழிக்கட்டுமா என்று கேட்டது அது. போன் எடுத்தேன்.

"மகள், இது என்னமோ கேக்குது. ரெண்டு பட்டன் இருக்கு. எத அமத்த?"

"ஒண்டையும் அமத்தாதீங்க தாத்தா! கைய எடுங்க!"

"எடுத்துட்டேன். இப்ப கதவடியில நிக்கிறேன்."

"வயரக் கழட்டுங்க."

"கழட்டினா கோவிச்சுக்காதா?"

கழற்றினார். நான் கழிவறைக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு, தம்பி றிகாஸுக்குப் போன் அடித்தேன். றிகாஸுக்கு மாத்தளை திருகோணமலை வீதியில் போனும் கம்ப்யூட்டரும் திருத்துகிற கடை. இது அவனுடைய வேலைதான். பின்னேரமே போய் டிஸ்க்கை எடுத்துவருகிறேன் என்றான். அவன் போவதற்குள் மஸீனா தாத்தா டிஸ்க்கைச் சீலையில் சுற்றி அரிசிப் பானைக்குள் புதைத்திருந்தார். மழைநாள், ஈரம் பட்டிருக்கும் என்று நினைத்தாராம். நனைந்த போனை அரிசியில் போடுங்கள் என்று எல்லாருக்கும் சொல்பவன் றிகாஸ்தானே.

"சம்பாவா தாத்தா, நாட்டரிசியா?" என்று கேட்டிருக்கிறான் றிகாஸ்.

"பகிடி பண்ணாதீங்க மகன். சுகமாகுமா?"

"ஆக்கலாம். தாங்க, கடைக்குக் கொண்டு போறேன்."

ப்ளேன்டீ கொடுத்தார். மாரி பிஸ்கட் கொடுத்தார். டிஸ்க்கைக் கொடுக்கவில்லை.

"நான் எங்கட உம்மாவத்தானே பாக்கப்போறேன்?" என்றானாம் றிகாஸ்.

"உங்கட உம்மா இருக்காங்க, சரி. அதுக்குள்ள மத்தவங்கட உம்மாமாரும் இருக்காங்களே."

அவன் வெறுங்கையோடு வந்துவிட்டான். பெண்களே டிஸ்க் திருத்துகிற கடை ஏதும் உண்டா என்று கொழும்பில் விசாரித்தோம், கண்டியில் விசாரித்தோம். வாசலில் பதிவது பெண்ணாக இருந்தாலும் உள்ளே இருந்து வேலை செய்பவர்கள் ஆண்கள்தான். மஸீனா தாத்தா ஒவ்வொரு தடவையும் முழுதாகக் கேட்டுக்கொண்டு, "வேணாம் மகள்" என்று மட்டும் சொன்னார். கோபிக்கவும் எனக்கு முடியவில்லை. உம்மா அன்று கெமராவுக்கு முன்னால் முக்காட்டை இறக்கியதே இந்தப் பிடிவாதத்தை நம்பித்தான்.

என்னைப் பயப்படுத்தியது றிகாஸ் சொன்ன வேறொன்று. "டிஸ்க் இன்னும் சாகல்ல, செத்துக்கிட்டு இருக்கு. ஒவ்வொரு தடவ ஓட விட்டாலும் கொஞ்சம் போகும். ஒரே ஒரு தடவ ஓட விட்டு, முழுசா வேற டிஸ்க்குக்குக் கொப்பி பண்ணிட்டா தப்பும். அதுக்குப் பொறகு கொப்பியில தேடலாம்." அன்று முதல் லெஸ்டரில் மழை பெய்தாலும் எனக்கு வரக்காமுறையின் ஈரம்தான் ஞாபகம் வந்தது. அந்த அலுமாரி எந்தச் சுவரோடு இருக்கிறது, அந்தச் சுவர் கசியுமா என்றெல்லாம் நினைத்துக்கொண்டு பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

உம்மாவின் வருடக் கத்தத்துக்கு ஊருக்குப் போனேன். குர்ஆன் ஓதி, சாப்பாடு கொடுத்து எல்லாம் முடிந்தபின் மஸீனா தாத்தா சஹன் தட்டுகளைக் கழுவ உதவிக்கொண்டிருந்தார். றிகாஸ் குசினி வாசலில் நின்று அவரைச் சீண்டத் தொடங்கினான்.

"உங்கட வீடியோல நான் பார்த்தது வட்டலப்பமும் வெறுங் கதிரையும்தான் தாத்தா. இந்தா நிக்கிற எங்கட நிஷ்மியா தாத்தாட கல்யாணத்துக்கு நான் போனதுக்கே சாட்சி இல்ல."

"நீங்க போனது வட்டலப்பத்துக்குத்தானே."

"சரி, அப்ப இப்பிடிச் செய்வோமா? நடுவுல தெரயக் கட்டுங்க. ஸ்க்ரீன் உங்கட பக்கம், கீபோர்ட் என்ட பக்கம். நீங்க வாசிங்க, நான் தட்டுறேன்."

பகிடியாகத்தான் சொன்னான். மஸீனா தாத்தா தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஈரக் கையோடு அவனைப் பார்த்தார்.

"அந்த வயர் நீளமா?"

மறுநாள் காலையிலேயே அவர் வீட்டில் கூடினோம். முன்னறைக்கும் உள்ளறைக்கும் நடுவில் எப்போதும் தொங்குகிற பூப்போட்ட திரைச்சீலைதான். முன்னறையில் றிகாஸ், அவன் கொண்டுவந்த கம்ப்யூட்டர், கீபோர்ட், இரண்டு சின்ன ஸ்பீக்கர். திரைக்குக் கீழே ஒரு வயர் நுழைந்து உள்ளறைக்கு வந்தது. உள்ளறையில் மொனிட்டர், மௌஸ், நானும் மஸீனா தாத்தாவும். டிஸ்க் சூடாகக் கூடாது என்று மேசை விசிறியைப் போட்டு, இனி வேலையைத் தொடங்கலாம் என்றான் றிகாஸ். மஸீனா தாத்தா பிஸ்மி சொல்லி வயரைத் தானே சொருகினார்.

"என்ன வந்திருக்கு?" திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல்.

"நீலமா ஒரு பெட்டி," என்றார் மஸீனா தாத்தா.

"எழுத்த வாசிங்க தாத்தா."

"நிஷ்மியா, வாசி."

வாசித்தேன். அவன் தட்டினான். இன்னொரு பெட்டி வந்தது. எது பழைய டிஸ்க், எது புது டிஸ்க் என்று கேட்டது. மாறிப்போனால் வெறும் டிஸ்க் நிறைந்த டிஸ்க்கின் மேல் ஏறிவிடும். பேரை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அவன் திருப்பிச் சொன்னான். மறுபடி சொன்னேன்.

"தாத்தா, நீ லண்டன்ல பேங்க்லயா வேல செய்ற, பொலிஸ்லயா?" என்று என்னைக் கேட்டான்.

"லெஸ்டர்டா. பேசாம தட்டு."

கொப்பி தொடங்கியது. சின்னச் சின்னக் கட்டங்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாக மாறின. நடுநடுவே ஒரு கட்டத்தில் நின்று, திணறி, அதைச் சிவப்பாக விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகும். சிவப்பு என்றால் அந்த இடத்தில் இருந்தது வராது. அதில் யார் இருந்தார்களோ என்று ஒவ்வொரு சிவப்புக்கும் நான் பயந்தேன். மின்சாரம் போய்விடுமோ என்று வேறு. மஸீனா தாத்தா பயந்ததாகத் தெரியவில்லை. சமைத்தார், தொழுதார், முற்றத்தில் மழைக்கு முன் கராம்பை வாரிவந்தார். றிகாஸுக்குத் திரைக்குக் கீழாலேயே சோற்றுத் தட்டைத் தள்ளினார்.

"ஜெயில்ல இருக்குற மாதிரி இருக்கு," என்றான்.

"ஜெயில்ல கோழிப் பொரியல் குடுக்குறாங்களா?"

பின்னேரம் கொப்பி முடிந்தது. அதற்குள் தேடச் சொல்லி றிகாஸ் வேறொன்றைத் தட்ட, கோப்புகள் வரிசையாக விழத் தொடங்கின. ஆனால் ஒன்றுக்கும் பேர் இல்லை. எந்த ஊர், எந்த வீடு, எந்த மணப்பெண் என்று மஸீனா தாத்தா எழுதி வைத்ததெல்லாம் போய், வெறும் எண்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. திறந்து பார்த்தால்தான் யாரென்று தெரியும்.

"சத்தம் வரக்கூடாது," என்றார் மஸீனா தாத்தா திரைச்சீலையைப் பார்த்து. "அந்த ஸ்பீக்கர நூத்துடுங்க மகன்."

"நூத்துட்டேன். வல்லாஹி."

திறந்தோம். சத்தமில்லாமல் ஊர் வந்தது. வாய் நிறையச் சோற்றோடு சிரிக்கிற ஒரு பெண். மடியில் தூங்கிவிட்ட பிள்ளை. ஒருத்தியின் கூந்தலில் இன்னொருத்தி பூக் குத்துகிறாள். இளமையாக, மெலிவாக, இப்போது நான் தெருவில் கண்டால் சலாம் சொல்கிற மாமிமார். பல்லேபொலவும் உக்குவளையும் கலந்து, முந்திய வருடமும் பிந்திய வருடமும் மாறி மாறி வந்தன. என்னுடன் பாடசாலையில் படித்த ஜஸ்லா, கல்யாணச் சேலையில், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிக் காலைத் தடவிக்கொண்டாள். அந்த ஊரில்தான் நானும் இருந்தேன் என்பதையே மறந்திருந்தேன். மஸீனா தாத்தா யாரென்று கண்டதும் மூடிவிடுவார். என்னை ஒன்றிலும் நீளப் பார்க்க விடவில்லை.

"இது அவங்கட, மகள். நமக்குத் தேவையானதப் பாப்போம்."

சிலது திறக்கவே இல்லை. ஒன்று திறக்காவிட்டால் அதுதான் உம்மாவோ என்று அதன் எண்ணைக் குறித்துக்கொண்டேன். றிகாஸ் இவ்வளவு நேரம் பகிடி பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

அடுத்ததைத் திறந்தார். எங்கள் வீட்டுக் கூடம். மஞ்சள் பல்ப். நான், இரண்டு கையையும் மருதோண்டியோடு விரித்துக்கொண்டு. எனக்குப் பின்னால் உம்மா.

நான் என்ன சத்தம் போட்டேனோ, திரைக்கு அந்தப் பக்கம் கதிரை உராய்ந்தது.

"உம்மாவா?"

"உம்மாதான்," என்றார் மஸீனா தாத்தா. "கதிரையிலயே இருங்க மகன். உள்ளுக்கு வராதீங்க."

உம்மாவின் வாய் அசைந்தது. பாடிக்கொண்டிருந்தார். சத்தம் இல்லை. சத்தம் வேண்டுமானால் ஸ்பீக்கர் இருப்பது அவன் பக்கத்தில். நான் மஸீனா தாத்தாவைப் பார்த்தேன். அவர் படத்தை நிறுத்தி, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து, மொனிட்டரில் இருந்த ஒவ்வொருவரையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"பாடுறது ஸஜீதா தாத்தா மட்டும்தான்," என்றார் தனக்குத்தானே, உம்மாவின் பெயரைச் சொல்லி. "மத்தவங்க கைதான் தட்டுறாங்க. கைதட்டுறதுல யாருட கை எண்டு யாருக்குத் தெரியும்?" பிறகு சத்தமாக, "றிகாஸ், ஸ்பீக்கரப் போடுங்க மகன்."

முதலிலிருந்து ஓடவிட்டார். கைதட்டல் முன்னால் வந்தது. பிறகு உம்மா. கொஞ்சம் கரகரத்த, மேலே போகும்போது சிரிப்பில் உடைகிற அதே குரல். கம்பளையிலிருந்து வரப்போகிற என் மாப்பிள்ளையைக் கேலி செய்து அந்த இடத்திலேயே கட்டிய பாட்டு. மாத்தளை ரயிலில் மாப்பிள்ளை வருகிறாராம், உக்குவளை வளைவில் ரயில் ஊதிக்கொண்டு நிற்கிறதாம், ஏனென்றால் அவருக்கு இப்போதே பயம் வந்துவிட்டதாம்.



இரண்டாவது அடியில், சிவப்பாக விட்டுப்போன இடம் வந்ததோ என்னவோ, படம் நின்றது. உம்மாவின் முகம் கட்டம் கட்டமாகப் பிரிந்து, பச்சையாகி, பிறகு முழுத் திரையும் பச்சைக் கட்டங்களானது. சத்தம் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. நான் மௌஸை நோக்கிக் கை நீட்டினேன். மஸீனா தாத்தா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன செய்றாங்க?" றிகாஸ் கேட்டான். குரல் அவனுடையதுபோல் இல்லை. "உம்மா இப்ப என்ன செய்றாங்க தாத்தா?"

காலையில் வாசிக்கிற வேலையை என்னிடம் விட்ட மஸீனா தாத்தா பச்சைக் கட்டங்களைப் பார்த்தார். என் கையை விடவில்லை.

"கைதட்டிக்கிட்டே எழும்புறாங்க," என்றார். "முந்தானைய இடுப்புல சொருவுறாங்க. ஊதா நெறச் சேல, ஓரத்துல வெள்ளி. இப்ப ரயில் மாதிரி கைய வச்சுக்கிட்டு நிஷ்மியாவச் சுத்தி வாறாங்க. எல்லாரும் சிரிக்கிறாங்க. நிஷ்மியாட கன்னத்துல மருதோண்டி பட்டிட்டு. நிண்டு, அத முந்தானையால தொடைக்கிறாங்க. தொடைச்சிட்டு திரும்பயும் ரயில் ஓடுது."

ஸ்பீக்கரில் உம்மா மூச்சு வாங்கி, அடுத்த அடியை எடுத்தார்.

"இப்ப என்னக் கண்டுட்டாங்க. கைய ஆட்டுறாங்க. போதும், போய்ப் பொண்ண எடு எண்டு."

திரைக்கு அப்பால் றிகாஸ் சிரித்தான். சிரிப்பு நடுவில் ஈரமாகிவிட்டது. "அது உம்மாதான்," என்றான். "எடுக்காம விட்டுட்டீங்களா?"

"விடுவேனா?" என்றார் மஸீனா தாத்தா. பச்சையிலிருந்து கண்ணை எடுக்காமல் மேலும் சொல்லிக்கொண்டு போனார்.